வேற்றுத் தண்ணீர்

யாராவது என்னைக் குனியச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்குள் பால் சேர்த்து, கேன்களைச் சைக்கிளில் கட்டித் தருமபுரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இரண்டு பக்கமும் கேன் தொங்க, கேரியரில் ஒன்று குறுக்கே கிடக்க, எந்த மேட்டிலும் இறங்காமல் மிதித்து ஏறுகிறவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். அப்படிப்பட்டவனுக்குக் கீழே விழுந்த சாவியை எடுக்க முடியவில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? கால் விரலால் கவ்வி, காலைத் தூக்கிக் கையில் வாங்கிக்கொள்வேன். என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள். "என்னாங்க இது, கோழியாட்டம்?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது.

மாதா கோயிலில் இன்னும் சங்கடம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எல்லாரும் முழங்காலிட்டுத் தலை தாழ்த்துவார்கள். நான் பின்வாசல் ஓரமாக நின்றுகொள்வேன். என் தலை தாழாது. பின்கழுத்தில் குச்சி வைத்துக் கட்டினதுபோல நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டப் பந்தயங்களில் நான் நாலைந்து கோப்பை வாங்கியிருந்தேன். அதனால் பங்காளி ஒருவர், "கப்பு வாங்கின திமிரு. ஆண்டவருக்கு முன்னாடியும் நிமிந்துதான் நிப்பான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுத்தால் பரவாயில்லை. அப்பனைப் போல ஆகிவிட்டான் என்று மட்டும் பெயர் எடுக்கக் கூடாது.

என் அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. பின்னால் நின்று கூப்பிட்டால், காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முழு உடம்பையும் திருப்பித்தான் யார் என்று பார்ப்பார். கட்டிலில் படுத்தால் தலை கட்டிலில் படாது. அந்த இடைவெளிக்குச் சாக்கை மடித்து வைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்றார்கள். எண்ணெய் தடவினோம், இலை வைத்துக் கட்டினோம், ஆட்டுக்கால் ரசம் வைத்துக் கொடுத்தோம், மாதாவுக்கு நேர்ந்துகொண்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அவரோ கவலையே படமாட்டார். "நம்ம வம்சத்து எலும்பு கெட்டி எலும்புடா. வளையாது" என்று பெருமையாகச் சொல்வார். சின்ன வயதில் நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் கழுத்தும் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெருமை என்னவென்று புரிந்தது.

அந்த நேரத்தில் பென்னாகரத்தில் பட்டாளத்துக்காரர் ஒருவர் ஓய்வு பெற்று வந்து, பையன்களைச் சேர்த்து ஒரு மன்றம் நடத்திக்கொண்டிருந்தார். வடக்கே எங்கோ ஒரு பந்தயம் பார்த்தாராம். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓட வேண்டும். மூன்றும் ஒரே நாளில், இடையில் நிற்காமல். அதை நம் ஊரிலும் நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஏரியூருக்கு அப்பால் மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் நீச்சல். அங்கிருந்து பென்னாகரம், தருமபுரி வழியாகச் சைக்கிளில் வந்து, கணவாய் இறங்கித் தொப்பூர். பிறகு அதே கணவாயில் ஓடி ஏறி நல்லம்பள்ளியில் முடிக்க வேண்டும். கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "மூணையும் மூணு நாள்ல வச்சா ஆகாதாமா? அப்பிடி என்னா தலைபோற அவசரம் அவருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு அவசரம் இருந்தது. இந்தப் பந்தயத்தை முடித்துவிட்டால் என் உடம்பில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். கழுத்து பிடிப்பது பால் கேன் சுமையால், முதுகு பிடிப்பது பனியால். முடிக்க முடியாவிட்டால் அப்பாவின் கட்டிலும் மடித்த சாக்கும் எனக்கும் உண்டு. மனதுக்குள் இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரக் கணக்குத்தான். ஆனால் பயந்தவனுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தடுத்து மழை பொய்த்த வருஷங்கள் அவை. கிணறுகளில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை, எங்கே நீந்திப் பழகுவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியூர்ப் பக்கம் போய்விடுவேன். கை தலைக்கு மேலே போகாது என்பதால் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை மட்டும் வீசி நீந்த நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓட்டத்தில் கால் மட்டும்தான் ஓடும். இடுப்புக்கு மேலே எல்லாம் பலகை. சைக்கிளில் ஏறினால்தான் நான் மனிதன்.

வெயிலில் ஓடி வந்தால் தண்ணீர் குடிப்பேன். அப்படிக் குடித்தவனை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாலைக் குடித்தால் எதை விற்பது? அதனால் தண்ணீர்தான். ஓடப் போகும் முன் இரண்டு சொம்பு, வந்ததும் வயிறு கொள்ளுமட்டும், நடுவில் எங்கள் ஊர்க் கைப் பம்பு எங்கே தென்பட்டாலும் வாயை வைத்துவிடுவேன். "குடத்த வச்சிட்டு அந்தாண்ட திரும்பறதுக்குள்ள காலி பண்ணிடறீங்க. நீங்க மனுசனா மாடா?" என்று மனைவி கத்துவாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் ஊரில் போர் போட்டுக் கைப் பம்பு வைத்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஐஸ் போலச் சில்லென்று இருக்கும். எந்தக் கோடையிலும் வற்றாது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் சப்புன்னு இருக்குதே" என்பார்கள். அவர்களுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று நாங்கள் சிரிப்போம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சேலத்துக்கு ஒருநாள் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோவார்கள். வேற்றுத் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், வயிறு கெடும். டாக்டருக்குப் படித்தவன் சொன்னாலும் இதை மாற்ற முடியாது. பந்தயத்துக்கு முந்தின நாள் நான் ஏரியூருக்குக் கிளம்பும்போது மனைவி ஒரு சின்னப் பால் கேனைத் துலக்கி, பம்புத் தண்ணீரைப் பிடித்து, வாயில் துணி கட்டிக் கொடுத்தாள். "வழியில கண்ட தண்ணிய குடிச்சிட்டு வந்து படுத்துக்காதீங்க" என்றாள். மாடு கன்று போடும் நிலையில் இருந்ததால் அவள் பந்தயம் பார்க்க வரவில்லை. எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. தோற்றால் அவள் கண் முன்னால் தோற்க வேண்டாம்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. அணைத் தண்ணீர் எங்கேயோ உள்வாங்கிக் கிடந்தது. வெடித்த வண்டல் மண்ணில் நடந்து நடந்து, அதில் யாரோ விதைத்திருந்த எள்ளுச் செடிகளை மிதிக்காமல் தாண்டித்தான் தண்ணீரைத் தொட வேண்டியிருந்தது. தண்ணீர் இறங்கினால் தலை காட்டும் பழைய மாதா கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அணை கட்டினபோது முங்கிப்போன ஊரின் கோயில். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினேன்.

சுமார் இருபது பேர் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். கூடவே பரிசலில் வந்தவர் என் ஒற்றைக் கை நீச்சலைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க நீந்துறீங்களா, இல்ல தண்ணியா பாத்து இட்டுக்கினு போவுதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வாய் ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பந்தயத்தில் கடைசியாக நீந்திக்கொண்டிருக்கிறோமே என்று கவலைப்படாமல், வேற்றுத் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டதே, நாளைக்குச் சளி பிடிக்குமே என்று கவலைப்பட்டேன். பாருங்கள், எப்பேர்ப்பட்ட அறிவு.

கரையேறிச் சைக்கிளைத் தொட்டதும் எனக்கு உயிர் வந்தது. பென்னாகரம் வரைக்கும் ஏற்றம்தான். கியர் கிடையாது ஒன்றும் கிடையாது, பால் சுமந்த அதே சைக்கிள். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் மணி அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டினேன். ஒருவன் அழாத குறையாகப் பார்த்தான். சொல்லக் கூடாதுதான், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு பஸ் நிறுத்தத்தில் மன்றத்துக்காரர்கள் ஏற்பாடு செய்த ஓர் அம்மா குடமும் சொம்புமாக நின்றிருந்தார். "ஆத்துத் தண்ணிங்க, பரிசல்ல போயி மொண்டுக்கினு வந்தது. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று ரோட்டுக்கே வந்து நீட்டினார். "வேணாங்க, எங்க ஊருத் தண்ணி இருக்குது" என்று கேனைத் தட்டிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், எங்க தண்ணிக்கு என்னா கொறச்சல்?" என்றார். நான் மிதித்தேன். அடுத்த மேட்டில் காலை ஊன்றி, கேன் துணியை அவிழ்த்து, எங்கள் ஊர்த் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தேன்.

தருமபுரியைத் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் ஏறியதும் லாரிகள். கணவாய் இறங்குகிற இடத்தில் லாரிக்காரர்கள் நிறுத்திக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். கீழே பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. அங்கே இறங்கும்போதுதான் என் கழுத்து என்னைப் பழிவாங்கியது. பின்னால் ஹாரன் அடிக்கிறான். திரும்பிப் பார்க்க முடியவில்லை. லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. உடம்பைத் திருப்பினால் சைக்கிளும் திரும்புகிறது. பிரேக் கட்டைகள் கருகி நாறின. ஒரு வளைவில் டயர் என் தோளை உரசுவதுபோல ஒரு லாரி கடந்து போயிற்று. "சர்வேசுரா!" என்று கத்திவிட்டேன். கிளீனர் எட்டிப் பார்த்து, "கண்ணு தெரிலயா உனுக்கு?" என்று திட்டினான். கண் நன்றாகத்தான் தெரிந்தது. அப்படியே தொப்பூரில் போய் இறங்கினேன்.

சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, கேனில் மிச்சம் இருந்ததைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளங்காலில் ஊசி குத்தியது. விரல்கள் மரத்துப்போய் யாருடைய விரல்களோ போலத் தொங்கின. முதுகுத்தண்டில் ஒவ்வொரு அடிக்கும் இடி இறங்கியது. முன்னால் ஐந்தாறு பேர் போயிருந்தார்கள். நான் அவர்களை நினைக்கவில்லை. அப்பாவை நினைத்தேன். அப்பாவால் இந்த மேட்டை ஏற முடியாது, நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். அப்பாவால் முடியாது, என்னால் முடிகிறது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பெற்ற தகப்பனை வைத்து இப்படி ஒரு செபம் சொல்லலாமா என்று கூசியது. ஆனால் வேறு எதைச் சொன்னாலும் கால் நகரவில்லை.

கணவாய் முடிந்து ரோடு சமமானபோது அழுகை வந்துவிட்டது. எதிரே வந்த லாரிக்காரன் பார்த்தால் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். எனக்கு ஒன்றும் இல்லை. நான் அப்பா இல்லை. அந்தக் கொஞ்ச தூரம் ஓடினதைப் போல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

நல்லம்பள்ளியில் பம்பை மேளம் அடித்தார்கள். முடித்த எல்லாருக்கும் மாலை என்று பட்டாளத்துக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் குள்ளமான மனிதர். மாலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "குனிங்க தம்பி" என்றார். நான் குனியவில்லை. "தம்பி, கொஞ்சம் குனிங்க." கூட்டத்தில் யாரோ, "அவரு சாமிக்கே குனிய மாட்டாருங்க" என்றதும் சிரிப்பு எழுந்தது. வேறு வழி தெரியாமல் முழங்காலை மடக்கி, தலை நிமிர்ந்தபடியே பாதி உட்கார்ந்து மாலையை வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

அடிபட்டவர்களுக்கு மருந்து போட ஓர் இளம் டாக்டரம்மா வந்திருந்தார். புளிய மரத்தடியில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தலைய முன்னாடி சாய்ங்க. தாடை நெஞ்சுல படணும்."

படவில்லை.

"ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோத்துக்கோங்க."

முடியவில்லை.

"முட்டிய மடக்காம கால் விரலத் தொடுங்க."

"ஏங்க, இப்பத்தான் கணவாய ஏறி வந்துருக்கேன். இது என்னா வெளையாட்டு?" என்றேன்.

"பல்லக் காட்டுங்க."

"நான் என்னா சந்தையில நிக்கிற மாடா?"

"கோவிச்சுக்காதீங்க. காட்டுங்க" என்றார். காட்டினேன். என் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு. எங்கள் ஊரில் எல்லாருக்கும் பல் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் குளுக்கோஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"போர் தண்ணிங்க."

"எத்தினி வருசமா?"

"சின்னப் பையனா இருந்ததுல இருந்து."

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

மற்றவர்கள் குடிப்பதைப்போல மூன்று பங்கு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "உங்க வூட்டுல வேற யாருக்காவது இப்பிடி?" என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு, அது எங்கள் வம்சம் என்றேன். "எதுத்த வூட்டுல?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டுக் கவுண்டருக்கும் கழுத்து திரும்பாது. அவர் எங்கள் வம்சம் இல்லை, எங்கள் வேதமும் இல்லை. மாரியம்மன் கோயில் பூசாரி கோல் ஊன்றித்தான் நடக்கிறார். கடைக்காரர் மனைவிக்கு முழங்கால் நீட்டவே வராது. அவரவர் வீட்டில் அவரவர் வாயு என்று நாங்கள் எல்லாரும் தனித்தனியாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

"வம்சம் இல்லைங்க, தண்ணி" என்றார் அவர். "பாறையில இருக்கிற ஒரு உப்பு தண்ணியில கரைஞ்சு வருது. ஃபுளோரைடுன்னு பேரு. எலும்புல போயி உக்காந்துக்கும். வெயில்ல ஒழைக்கிறவங்க, உங்கள மாதிரி ஓடறவங்க நெறையா குடிப்பீங்க இல்ல, அவங்களுக்குத்தான் சீக்கிரமா வரும்."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினா போவாதுங்க."

"மருந்து?"

"வந்தது வந்ததுதான். இனிமே ஏறாம பாத்துக்கலாம். வேற தண்ணி குடிங்க. ஆத்துத் தண்ணி, ஏரித் தண்ணி, ஏதாச்சும்." பிறகு, "கொழந்தைங்க இருக்குதா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. ஆறு வயசு."

"அதுக்கு மொதல்ல மாத்துங்க."

எங்கள் ஊர் ஏரியில் அப்போது பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறோ அங்கே, நான் காலையில் நீந்திய இடத்தில் கிடந்தது. அது குழாயில் எங்கள் ஊருக்கு வந்து சேர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவர் கொடுத்த குளுக்கோஸைக்கூடக் குடிக்காமல், லாரியில் ஏற்றி வந்து இறக்கிய என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பா, சைக்கிள் சத்தம் கேட்டுக் காலை நகர்த்தி நகர்த்தி என் பக்கம் திரும்பினார். மாலையைப் பார்த்துவிட்டார். "முடிச்சிட்டியாடா?"

"முடிச்சிட்டேம்பா."

"நான் சொன்னேன் இல்ல, நம்ம எலும்பு கெட்டின்னு" என்று பொக்கை வாயால் சிரித்தார். மனைவி கொட்டகையில் மாட்டோடு இருந்தாள். என் மகள் பம்பிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "அப்பா, தண்ணி."

வாங்கினேன். தொண்டை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொம்பை அப்படியே மண்ணில் கவிழ்த்துவிட்டேன்.

"ஏண்டா, தண்ணிய எதுக்குடா கீழ ஊத்துற? பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று அப்பா கத்தினார். மகள் ஒரு நிமிஷம் ஈர மண்ணைப் பார்த்தாள். தண்ணீரில் தூசி கிடந்தது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கிக்கொண்டு தெருப் பம்புக்கு ஓடினாள். கைப்பிடியில் முழு உடம்பையும் போட்டுத் தொங்கித் தொங்கி அடித்தாள். சொம்பை நன்றாகக் கழுவினாள். பிடித்தாள். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். தளும்பாமல் மெதுவாக நடந்து வந்து நீட்டினாள்.

"இப்ப சுத்தமா இருக்குதுப்பா. நான் குடிச்சுப் பாத்துட்டேன்."

வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. வாங்கிக் குடித்தேன்.